புநசஅயலெ என்றொரு நாடு

சிடியின் உறைமேல் நீல மையில் 'அம்மா - 1999' என்று எழுதியிருந்தது. டோர்ட்மண்டில் ஈழத்து அண்ணன் ஒருவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் அதை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேநீர் போடத் திரும்பினார். "தம்பி, அம்மாட கல்வெட்டு இதுக்குள்ளதான் கிடக்கு. திறந்தா டொச்சும் இல்ல, தமிழும் இல்ல. பழுதாப் போச்சுதோ தெரியேல்ல."

கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டுக்காரனான எனக்கு முதலில் தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானம்தான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து வழக்கில் அது வேறு. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உறவுகளுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. தேவாரம் இருக்கும், வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், இறந்த திதியை வைத்துப் பாடிய வெண்பா ஒன்று இருக்கும். அம்மா ஊரில் இறந்தபோது அண்ணனால் போக முடியவில்லை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்தவருக்கு எல்லை தாண்ட வழியில்லை. இரவில் வேலை முடிந்து வந்து, இரவல் வாங்கிய கணினியில் தானே தட்டச்சு செய்து அடித்த புத்தகம் இது. அச்சுப் பிரதி ஒன்றுகூட இப்போது கைவசம் இல்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்பவும் அச்சிட வேண்டும் என்கிறார்.

கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, அவற்றின் வாலில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க இதே மாதிரி. தொண்ணூறுகளில் ஐரோப்பாவிலோ கனடாவிலோ தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இதைப் பார்த்ததுமே சிரிப்பு வரும். 'பாமினி' எழுத்துருவில் அந்த ஐந்து விசைகளையும் தட்டினால் 'தமிழ்' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது எந்த நாளும் தமிழாக இருந்ததே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருந்தது, அவ்வளவுதான். எல்லாக் கணினியிலும் திறக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் இடையில் யாரோ கோப்பை வெறும் உரையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்போது எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிட்டது. முகமூடி போனது, உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பழுதாகலை அண்ணா. வச்சது வச்சபடி இருக்கு. என்ன பாஷைன்னு சொல்ல ஆள் இல்லை, அதுதான்."

பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்று என்னிடம் இருந்தது. ஓட்டினேன். தேவாரம் வந்தது. வெண்பா வந்தது. ஊர்ப் பெயர்கள் வந்தன. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார். 'தொடர்புக்கு' என்பதன் கீழே, 'னுழசவஅரனெ புநசஅயலெ' என்று இருந்தது.

"இதென்ன ஊர்?"

இரண்டு நிமிடம் ஆயிற்று எனக்கும் புரிய. முகவரியை அவர் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். பாமினியில் ஆங்கில ஈ 'ந', ஆர் 'ச', எம் 'அ'. என் நிரல் டோர்ட்மண்ட் நகரத்தையும் ஜெர்மனி நாட்டையும் விடாமல் தமிழாக்கிவிட்டது! அந்தக் காலத்து ஈழத்து இணையதளங்கள் நினைவிருப்பவர்கள் 'றறற' என்று தொடங்கி '.உழஅ' என்று முடியும் முகவரிகளைப் பார்த்திருப்பார்கள். உலகளாவிய வலையின் மூன்று டபிள்யூக்களும் டாட்காமும் பாமினி கண்ணாடி வழியே அப்படித்தான் தெரியும். எது தமிழ், எது ஆங்கிலம் என்ற வேறுபாடு அண்ணனின் மூலக் கோப்பில் எழுத்துருவின் பெயரில் மட்டுமே இருந்தது. அது உதிர்ந்தபின் இரண்டும் ஒரே எண்கள். புநசஅயலெ ஒரு நாட்டின் பெயர் என்று அந்தக் கோப்புக்குள் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

கொலோனுக்குத் திரும்பும் ரயிலில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் வயிற்றுப்பாடே 'இது என்ன' என்று முதல் வரியில் சொல்லிக்கொள்ளும் கோப்புகளோடுதான். ஜெர்மனியில் 2025 ஜனவரி முதல் உள்நாட்டு வணிக நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் மின்னணு விலைப்பட்டியலைப் பெற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியல் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் வரும். 1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட வடிவம் அது. அதன் தலையில் ஓர் அறிவிப்பு வரி: கூர்முனை அடைப்புக்குறி, கேள்விக்குறி, பிறகு 'எக்ஸ்எம்எல்', பதிப்பு எண் 1.0, அதன்பின் 'என்கோடிங்' என்ற சொல்லும், எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் ஒரு குறியாக்கத்தின் பெயரும். பெரும்பாலும் யூனிகோடின் யுடிஎஃப்-8. அந்த வரிக்கு முன்னால் எதுவும் வரக்கூடாது. வெற்று வரி கூடாது, ஓர் இடைவெளிகூடக் கூடாது. அறிவிப்பின் தலைக்குமேல் யாரோ தவறுதலாக ஒரு வெற்று வரி விட்டதால் ஒரு விலைப்பட்டியல் இரண்டு நாள் முடங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் இயந்திரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

பிள்ளையார் சுழி போல, என்று இங்கே எந்தத் தமிழ் எழுத்தாளனும் சொல்லிவிடுவான். நானும் சொல்கிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. அந்த அறிவிப்பு வரியில் விநோதமான ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கோப்பு இன்ன குறியாக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் வரியே அந்தக் குறியாக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் அது சொல்லப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. இதற்கு விதிமுறையின் பின்னிணைப்பு ஒன்றில் காட்டியிருக்கும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் நான்கு பைட்டுகளை மட்டும் தொட்டுப் பார். 60, 63, 120, 109 என்று இருந்தால் ஆஸ்கி என்ற பழைய ஆங்கிலக் குறியாக்கத்தை ஒட்டிய ஏதோ ஒன்று; மேலே படிக்கலாம். 0, 60, 0, 63 என்று பூச்சியம் இடையிட்டு வந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டிரண்டு பைட். 76, 111, 167, 148 என்றால் ஐபிஎம்மின் பழைய பெருங்கணினிக் குடும்பம். அறிவிப்பைப் படிக்கிற அளவுக்கு மட்டும் ஊகித்துக்கொண்டு, பிறகு அறிவிப்பு சொல்வதன்படி மீதியைப் படி என்கிறது. ஏட்டில் பிள்ளையார் சுழி போட்டதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் ஒரு சுழி சுழித்துச் சோதித்துக்கொள்வது என்பது. பக்தியைவிட அந்தச் சோதனைதான் எக்ஸ்எம்எல்லின் முதல் நான்கு பைட்டுக்கு நெருக்கம்.

சோதனையைத் தாண்டினால் மிஞ்சுவது நம்பிக்கை மட்டுமே. இதைத்தான் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. அறிவிப்பில் 'யுடிஎஃப்-8' என்று எழுதினால் கோப்பு யுடிஎஃப்-8 ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வனிலா ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு இருக்கும். டப்பா பொய் சொல்கிறது, மாவின்மேல் குற்றமில்லை. யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து, ஒரு சொல்லைத் திருத்தி, வேறு குறியாக்கத்தில் சேமித்துவிடுகிறார். தலைவரி பழையபடியே நிற்கிறது. உள்ளே மாவு.

இந்தப் பொய்யில் இரண்டு வகை உண்டு. ஜெர்மன் மொழியின் புள்ளி வைத்த யு எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 8859-1 என்ற பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் அது 252 என்ற ஒரே பைட். யுடிஎஃப்-8இல் 195, 188 என்ற இரண்டு பைட். கோப்புக்குள் 252 இருந்து, தலையில் யுடிஎஃப்-8 என்று இருந்தால் இயந்திரம் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். யுடிஎஃப்-8இல் 252 என்ற பைட்டுக்கு இடமே கிடையாது. பொய் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. மாறாக உள்ளே யுடிஎஃப்-8 இருந்து, தலையில் 8859-1 என்று இருந்தால் ஒன்றுமே நடக்காது. எந்தப் பைட்டைக் கொடுத்தாலும் 8859-1 வாங்கிக்கொள்ளும். பிழைச்செய்தி வராது. ம்யுல்லர் என்பவரின் பெயரில் யு இருந்த இடத்தில், தலையில் அலைக்கோடு போட்ட ஓர் ஏயும் அதன் பக்கத்தில் கால் என்ற பின்னமும் அச்சாகிக் கடிதம் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். முதல்வகைப் பொய்க்குத் திட்டு வாங்குகிறோம். இரண்டாம் வகைதான் ஆபத்து. எக்ஸ்எம்எல்லின் கறார்த்தனத்தைப் பற்றி முணுமுணுப்பவர்கள் பலர். நான் அந்தக் கட்சியில் இல்லை. சத்தம் போட்டு நிற்கிற பிழை, சிரித்துக்கொண்டே கடந்துபோகிற பிழையைவிட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் நம் மொழிக்கு மட்டும் நேர்ந்த சாபம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஜெர்மன் சக ஊழியர் ஒருவர்தான் அந்த எண்ணத்தைக் கலைத்தார். டின் 66003 என்ற ஜெர்மன் தரத்தில், ஆஸ்கியின் சதுர அடைப்புக்குறியும் நெளி அடைப்புக்குறியும் இருந்த எண்களில் ஜெர்மன் எழுத்துகளை உட்கார வைத்திருந்தார்கள். சி மொழியில் நிரல் எழுதி அச்சிட்டால் ஒவ்வொரு நெளி அடைப்புக்குறியும் புள்ளி வைத்த ஏயாகவும் யுவாகவும் வந்து விழுமாம். "அப்படியே படித்துப் பழகிவிட்டோம்" என்றார். மொழிக்கும் நிரலுக்கும் ஒரே இருக்கை. யாராவது ஒருவர்தான் உட்கார முடியும்.

தமிழின் இருக்கைச் சண்டை இன்னும் நீளம். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் மேசைக் கணினிக்கு வந்துசேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் பாமினி, மயிலை, டிஸ்கி, 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை லோசானிலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கியது 1998 பொங்கலன்று. எக்ஸ்எம்எல் வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு. அந்த நாளின் டிஸ்கி பக்கங்களைத் திறந்து மூலத்தைப் பார்த்தால், குறியாக்கத்தின் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் 'பயனர் வரையறுத்தது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். டிஸ்கி என்ற பெயர் இணையத்தின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறியது பின்னால்தான். அதுவரை நம் இலக்கியங்கள் உலகுக்குத் தங்களை அறிவித்துக்கொண்டது, ஏறத்தாழ, 'நான் யாரென்று என் வீட்டாரிடம் கேள்' என்றுதான். 2009 அக்டோபரில் எட்டாவது தமிழ் இணைய மாநாடு எங்கள் ஊர்க் கொலோன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மறு ஆண்டு ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் கூடவே டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது. இரண்டில் எது மேல் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் பலர் இன்னும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

யூனிகோட் வந்தபிறகும் நிம்மதி உடனே வந்துவிடவில்லை. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. ஆகப் பதினைந்து பைட். 'த' என்பது 224, 174, 164. 'ம' 224, 174, 174. எந்தத் தமிழ்க் குறியானாலும் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. இதை 8859-1 என்று நினைத்துப் படித்தால் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். அறிவிப்பு தவறிய தமிழ்ப் பக்கங்களில் வரிசை வரிசையாக அந்த வட்டத்து ஆரைப் பார்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். யாரோ நம் மொழியின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாக உரிமம் வாங்கிவிட்டதுபோல இருக்கும்.

இந்த 224ஐ நான் இன்னோர் இடத்திலும் சந்தித்தேன். இந்திய மொழிகளின் மின்னுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் 'கிரெட்டில்' என்ற பதிவேட்டைக் கோட்டிங்கனில் 2001இல் தொடங்கினார்கள். அங்கே ஒரே நூல் பல குறியாக்கங்களில் கிடைக்கும். பழைய கோப்புகளின் தலையில் மனிதர் கைப்பட எழுதிய ஒரு பட்டியல் இருக்கும்: நெடில் ஆவுக்கு எண் இது, நெடில் ஈக்கு எண் இது என்று. சிஎஸ்எக்ஸ் என்ற குறியாக்கத்தில் நெடில் ஆவின் எண் 224. பிரெஞ்சுக்காரருக்குச் சாய்கோட்டு ஏ, சமஸ்கிருத அறிஞருக்கு நெடில் ஆ, நமக்கு வீட்டு வாசற்படி. எண்ணுக்கு இதில் எந்தப் பக்கமும் இல்லை. பேராசிரியர்கள் கோப்பின் நெற்றியில் பட்டியலை ஒட்டி வைத்ததற்குக் காரணம், தாங்கள் இல்லாத காலத்திலும் யாரோ அதைத் திறப்பார்கள் என்ற எண்ணம்தான். அண்ணனின் சிடியில் அப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது.

ஜெர்மனிக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள உறவு கணினியோடு தொடங்கியதும் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழுக்கு முதல் ஈய அச்சுகள் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713இல் கப்பலில் வந்திறங்கின. வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. வரைந்து அனுப்பிய வடிவத்தைப் பார்த்துச் செதுக்கினார்கள். எழுத்து பெரிதாகிவிட்டது, காகிதம் கட்டுப்படியாகாமல் பின்பு தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். ஈய எழுத்துக்கும் பைட்டுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. அச்சுக் கோப்பவர் எழுத்தைத் தேடிப் பார்ப்பதில்லை, பெட்டியின் அறையைத்தான் கை தேடிப் போகிறது. இந்த அறையில் இன்ன எழுத்து என்ற அடுக்குமுறை மாறிவிட்டால் அவர் கை பிசகாமல் போகும், வாக்கியம் பிசகிவிடும். ஆனால் ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது 'க' என்று தெரிந்துவிடும். பைட்டை எடுத்துப் பார்க்க முடியாது. அதற்கு முகம் இல்லை, அறை எண் மட்டுமே உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்எம்எல் தன் முதல் பதிப்பிலிருந்தே குறிச்சொற்களைத் தமிழில் எழுத அனுமதிக்கிறது. 'பாடல்', 'அடி', 'சீர்' என்று பெயர் வைத்து ஒரு கோப்பு செய்தால் விதிமுறைப்படி இயங்கும் எந்தக் கருவியும் மறுக்காது. அறிவிப்பு வரி மட்டும்தான் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். இருந்தும் தமிழ்க் குறிச்சொற்கள் கொண்ட கோப்பை என் பதினைந்து வருட உத்தியோகத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. யாரும் தடுக்கவில்லை, நாமே கேட்கவில்லை.

அனுமதி என்பதும் அடுக்கடுக்காகத்தான் வருகிறது. ஜெர்மன் அரசு அலுவலகங்கள் மக்கள்பதிவு விவரங்களைத் தமக்குள் எக்ஸ்எம்எல்லில்தான் பரிமாறிக்கொள்கின்றன. தலைவரியில் யுடிஎஃப்-8 என்று இருக்கும். உலகத்து எழுத்தெல்லாம் உள்ளே வரலாம் என்று அதற்குப் பொருள். ஆனால் 2024 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த டின் 91379 என்ற தரம், பெயர்களில் எந்தெந்த எழுத்துகளைக் கையாள முடிய வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. லத்தீன் எழுத்தின் எத்தனையோ கொக்கிகளும் கொடிகளும் அதில் உண்டு. வியட்நாமியப் பெயரை அதன் மேலடையாளங்களோடு எழுதலாம். அது நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. தமிழ் எழுத்து அதில் இல்லை. அண்ணனின் பேத்தி யாழினி, பதிவேட்டில் ழகரத்துக்குப் பதில் எல் போட்ட யாலினி. தமிழ்நாட்டுப் பாணியில் இசட், எச் போட்டிருந்தால் இன்னும் கஷ்டம். ஜெர்மானியர் வாயில் இசட் என்பது 'ட்ஸ்'. வாசற்கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது, அடுத்த அறையில் சல்லடை வைத்திருக்கிறார்கள்.

மறுவாரம் டோர்ட்மண்ட் போனபோது கோப்பை எக்ஸ்எம்எல்லாகவே செய்து கொண்டுபோனேன். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் ககரத்துக்குப் பின்தான் உயிர்க்குறி. அந்த வரிசை மாற்றத்தில் நான்கைந்து இடம் பிசகியிருந்தது. அண்ணன் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார். வெண்பாவில் ஓரிடத்தில் தளை தட்டுகிறது என்று நான் தயங்கிச் சொன்னேன். "அது மிசினில்ல தம்பி, அது நான் எழுதினது. விடும்" என்றார். விட்டேன். முகவரியில் டோர்ட்மண்டும் ஜெர்மனியும் தத்தம் எழுத்துக்குத் திரும்பின.

புதிய கோப்பின் முதல் வரியை அவருக்குப் பெருக்கிக் காட்டினேன். இது என்ன என்று கேட்டார். இது இருந்தால் யார் திறந்தாலும் எப்படிப் படிப்பது என்று கணினிக்குத் தெரியும் என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, பழைய சிடியின் உறையை எடுத்து, 'அம்மா - 1999' என்பதன் கீழே அதே மாதிரி நீலப் பேனாவால் 'பாமினி' என்று எழுதி உள்ளே வைத்தார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு சிடியோ பிளாப்பியோ இருக்கும். ஊர்ச்சங்கத்து மலர், நின்றுபோன சிறுபத்திரிகையின் இதழ், யாருடையதோ ஒரு கல்வெட்டு. திறக்க முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்போதே அந்த ஒரு சொல்லை உறைமேல் எழுதிவிடுங்கள். மீதியை யாராவது பார்த்துக்கொள்வார்கள்.